புள்ளிக்கோடு

எல் ரமோனால் பள்ளிக்கூடத்தில்
கரும்பலகையை மறைத்து
ஒரு படுக்கைவிரிப்பைக் கட்டினோம்.
வெளியே ஜெனரேட்டர் இருமி இருமி
ஒருவழியாக மூச்சுப் பிடித்தது.
ஆயிரத்து முந்நூறு வருஷத்துச் சுவர்
துணிச் சுருக்கங்களோடு வந்து நின்றது.

ஆய்விதழில் அச்சேறி ஆறு வருஷம்.
சுவர் இருக்கும் மேட்டிலிருந்து
நாலு மணி நேர நடைதான் இந்த ஊர்.
இங்கே காட்ட இப்போதுதான் பணம் வந்தது.

அரசனின் மூக்கில் ஒரு விட்டில் உட்கார்ந்தது.
பிள்ளைகள் சிரித்தார்கள்.
எட்டுக் கோடை அவன் முன்னே
குந்தியும் மல்லாந்தும்
ஒளிபுகும் தாளில் கோடிழுத்தவள் நான்.
அவனைப் பார்த்து யாரும் சிரித்து
அன்றுதான் கேட்டேன்.

பேராசிரியர் ஸ்பானிஷில் சொல்ல
ஓடிலியா சோல் கெக்சியில் சொன்னாள்.
அவருக்கு ஒரு வாக்கியம், அவளுக்கு நாலு.
'சடங்குப் பானம்' வந்த இடத்தில்
முன்வரிசைப் பெண்கள்
ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.
என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன்.
"கல்யாண வீட்டுக் கொக்கோ. வேறென்ன?"

அப்புறம் அந்த இடம் வந்தது.
ஆடுகிற பெண்ணுக்குப் பின்னால்
இரண்டு முழச் சதுரம், வெறும் கல்.
ஓரமெல்லாம் ரம்பத்தின் பல்தடம்.
என் படத்தில் அங்கே புள்ளிக்கோடு:
கண்டதற்கு முழுக்கோடு,
ஊகத்துக்குப் புள்ளிக்கோடு.
எங்கள் தொழிலின் நேர்மை அவ்வளவுதான்.

"திருடர்கள்" என்றார் பேராசிரியர்.
ஓடிலியா அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

கடைசி பெஞ்சில்
தொப்பியை முழங்காலில் மாட்டியிருந்த
எவுசேபியோ தியுல் எழுந்தார்.
"நான்தான்" என்றார்,
பஸ்ஸில் தவறவிட்ட குடைக்கு
உரிமை சொல்வதுபோல.

"மூன்று பேர் போனோம். மரம் அறுக்கும் ரம்பம்.
நாற்பது கெட்சால் என்று பேச்சு.
ஓடையில் கோவேறு கழுதை இடறிவிட்டது.
சாக்கைப் பிரித்தால் சுண்ணாம்பு மாவு.
ஒரு காசு வரவில்லை."

அவர் மனைவி திரும்பிப் பார்க்கவில்லை.
மகளின் பின்னலைப் பிரித்து
மறுபடி பின்னத் தொடங்கினாள்.

"ஒரு பிள்ளை இருந்தது அங்கே.
அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு.
எல்லோரும் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள்,
அது மட்டும் நம்மைப் பார்த்தது.
லாந்தரைத் தூக்கியதும்
முதலில் தெரிந்தது அந்த முகம்தான்.
அதனால்தான் அங்கே அறுத்தோம்."

சொல் வேறு, சான்று வேறு.
எனக்குத் தெரியும்.
ஆனாலும் விரிப்பைத் தூக்கினேன்,
அரசன் சுருண்டு மேலே போனான்.
சாக்பீஸ் எடுத்தேன்.

"தலை இன்னும் கீழே."
"விரல் அப்படியில்லை. இறுக்கமாக."
மூக்கு?
"தெரியாது."
மூக்கை விட்டுவிட்டேன்.

"என்ன நிறம்?"
கேட்டது பேராசிரியர்.
கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.
"நீலம்" என்றார் எவுசேபியோ.
"இல்லை. லாந்தரில் எல்லாம் மஞ்சள்தானே.
அதுவும் தெரியாது."

தொப்பியைப் போட்டுக்கொண்டு
வெளியே போனார்.
யாரும் வழியை மறிக்கவில்லை,
யாரும் தோளைத் தட்டவுமில்லை.

மூன்று நாள் கழித்து
ஜெனரேட்டரைத் திருப்பியெடுக்கப் போனேன்.
பலகையில் ஏழாம் வாய்ப்பாடு
பிள்ளையைச் சுற்றி வளைந்து போயிருந்தது.
யாரோ மூக்கு வரைந்திருந்தார்கள்,
முழுக்கோட்டில்.