ஒன்பது புள்ளி ஆறு

கராகண்டாவில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
விதாலி ரைமர் கண்ணாடி ஊசிக்குழலைக்
கம்பளிக் கோட்டுக்குள்
திருடிய புட்டிபோல் ஒளித்துக் கொண்டுவந்தான்.
சீட்டில் பென்சில் எழுத்து. பேனா மை உறைந்துவிடுமாம்.
மூன்றாம் துணைநிலையம், இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மர்,
அடிக்குழாய், எண்ணெய்ச் சூடு அறுபத்தெட்டு.

விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
தேன் நிறம்கூட ஏறவில்லை.
ஐம்பது வருஷ இரும்புத் தொட்டிக்குள்
இப்படியொரு இளமையா?
எனக்கே கொஞ்சம் பொறாமை.

"இரண்டு வருஷம் முன்னால்
மொத்தத்தையும் இறக்கி, களிமண்ணில் வடிகட்டி
திரும்ப ஏற்றினார்கள்" என்றான் விதாலி,
கையுறையைப் பல்லால் கழற்றிக்கொண்டே.

ஓ. அப்படியென்றால்
இந்த எண்ணெய்க்குப் பழசு எதுவும் தெரியாது.
செம்புக் கம்பியைச் சுற்றியிருக்கிறதே காகிதம்,
அதற்குத் தெரியும்.
அதை யாரும் இறக்கவில்லை.
அத்தனை குளிர்காலமும் அந்தச் சூட்டில் கிடந்து
இழை இழையாய் இற்று
தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாய்
எண்ணெயிடம் சொல்லிக்கொண்டிருக்கும்.

இருபத்திரண்டு டன்னிலிருந்து அரை மில்லி.
பானைக்கு ஒரு சோறு என்றால்கூட
இது அந்தச் சோற்றின் நுனி.
சொட்டு குளோரோஃபார்ம் கலந்து
பென்சிலைவிட ஒல்லியான குழாயில் அடைத்து
காந்தத்தின் தொண்டைக்குள் இறக்கினேன்.
என் கடிகாரமும் சாவிக்கொத்தும் வங்கி அட்டையும்
அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தன.

ஒரு தட்டு.
உள்ளே புரோட்டான்கள் எல்லாம் சாய்கின்றன.
சாய்ந்தவை நிமிர்கையில்
தான் எந்த வீட்டுக்காரன் என்று முனகும்.
அந்த முனகலைத்தான்
திரையில் கோடாக இழுக்கிறோம்.

வலப்பக்கம் சந்தைக் கூட்டம்:
மெத்திலும் மெத்திலீனும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு
மலையாய் எழும்பி நிற்கும். எண்ணெய் என்பது அதுதான்.
நான் அங்கே பார்ப்பதில்லை.
இடக்கோடி, ஸ்டெப்பிப் பனிபோல் வெறுமை.
அங்கே ஒன்பது புள்ளி ஆறில்
யாராவது நிற்கிறார்களா?

பதினாறு தட்டு. ஒன்றுமில்லை.
இருநூற்று ஐம்பத்தாறு. ஏதோ புடைப்பு,
என் கண்ணாகவும் இருக்கலாம்.
இரைச்சல் முறைக்கு ஒரு கதை சொல்லும்.
நிஜமாக இருப்பது சொன்னதையே சொல்லும்.
ஆகவே இரவெல்லாம் கேட்டேன்,
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு முறை, அதே கேள்வி.
நடுவில் திரவ நைட்ரஜன் ஊற்றினேன்.
நேற்றைய ரொட்டியைத் தின்றேன்.
கொஞ்சம் தூங்கியும் போனேன், அதை அறிக்கையில் எழுதவில்லை.

விழித்தபோது நின்றிருந்தது,
பனிவெளியில் ஒற்றை மின்கம்பம்.

எட்டு மணிக்கு ஓரஸ்பெக் பேசினார்.
"எண்ணெய் நன்றாக இருக்கிறதா, குன்சுலு?"
"நன்றாக இருக்கிறது."
"பிறகென்ன?"
"காகிதம்."
அவர் பக்கத்தில் யாரோ
தேநீர்க் கோப்பையில் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள்.
"இந்த ஒரு குளிர்காலம் தாங்காதா?"
தாங்கலாம். அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.
தாங்கலாம் என்று எந்த முகடும் எழுதிக் காட்டுவதில்லை.

சுமையைப் பாதியாகக் குறைக்கவும்,
வசந்தத்துக்குள் மாற்றவும் என்று எழுதினேன்.
எத்தனை பேருக்குக் குளிரும் என்பதற்கு
படிவத்தில் கட்டம் இல்லை.
சாயங்காலம் தெருப் பட்டியல் வந்தது,
ஆறிலிருந்து பத்துவரை மின்சாரம் கிடையாது.
ஏழாம் குடியிருப்பு, பதினான்காம் எண்:
என் கட்டடம்.

ஒன்பது மாடி. லிஃப்ட் ஓடவில்லை.
ஆறாவது படிக்கட்டில் சாய்ந்து உட்கார்ந்தேன்.
லிடியா மெழுகுவத்தியோடு கதவைத் திறந்தாள்.
"எந்த முட்டாள் இந்த நேரத்தில்
கரண்டைப் பிடுங்கினான்?"
"எண்ணெய் பார்ப்பவர்கள் யாரோ" என்றேன்.
அவள் என் கையில் சூடான உருளைக்கிழங்கு ஒன்றை வைத்து
அந்த யாரோவைத் தொடர்ந்து திட்டினாள்.
நிமிர்ந்து எழ
எனக்கு நெடுநேரம் ஆனது.