ரெட்டும் ஃபாலோவும்

வாடகை நாற்காலி முப்பது சொன்னோம்,
இருபத்தாறுதான் வந்தது.
மிச்சப் பேர் தண்ணீர்த் தொட்டித் திட்டில் உட்கார்ந்தார்கள்.
ராயபுரம் ஹவுசிங் போர்டு மொட்டைமாடி.
மூணாவது மாடி செல்வமேரி வீட்டு ஜன்னலிலிருந்து
இழுத்த ஒயரில் ரெண்டு குண்டு பல்பு.
துறைமுகத்துக் கிரேன்கள்
எங்கள் செலவில்லாமல் சிவப்பு விளக்கு போட்டிருந்தன.

சகாயத்துக்கு வேலை நிரந்தரமான விருந்து.
கான்ட்ராக்டில் பதினோரு வருஷம்.
கல்யாணமாகி ஒன்பது.
அந்தக் கணக்கில் பாதி விருந்து என்னுடையது என்று
பிரியாணி அண்டாவை நானே திறந்தேன்.
ஆவி கண்ணாடியில் படர்ந்து
யாரும் தெரியாமல் போன நேரம்
படிக்கட்டிலிருந்து ஒரு குரல்:
"டேய் ஃபாலோ!"

துடைத்துப் போட்டுப் பார்த்தேன்.
பனைமரத்தொட்டி டெல்பினா.
ஊதா சுடிதார், கையில் கேக் டப்பா.
என் புருஷன் திரும்பினான்.
அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த வேகம்.
நான் மூணு தடவை பேர் சொல்லி
டிவியிலிருந்து கழற்றி எடுக்கிற தலை அது.

"அது இன்னா ஃபாலோ?"
சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.
"கேரம் அண்ணி. ரெட்டைப் போட்ருவான்.
ஃபாலோ மட்டும் வராது இவனுக்கு."
நாலு பேர் சிரித்தார்கள்,
ஒரு கேரம் ஜோக்குக்குச் சிரிக்க வேண்டியதைவிட
ரெண்டு மூச்சு அதிகமாக.
ஸ்கூல் விட்டு அவள் முன்னால் போக
பத்தடி பின்னால் ஒரு சைக்கிள்
என் கண்ணுக்குள் தானாக உருண்டது.
சகாயம் வெங்காயம் போதுமா என்று பார்க்கப் போனான்.
வெங்காயம் என் முன்னால் இருந்தது.

அவள் தட்டில் எலும்பாக விழுந்தால் தெரிந்துவிடும்.
நல்ல கறியாகத் தேடித் தேடி வைத்தேன்.
"போதும் அண்ணி."
"சாப்டு. இன்னும் கீது."

சாப்பாட்டுக்கு அப்புறம் யாரோ போர்டைத் தூக்கிவந்து
பெயிண்ட் டின் மேல் வைத்தார்கள்.
கடல்காற்றில் பவுடர் நிற்கவில்லை,
அவன் புதுச்சட்டையில் போய் ஒட்டியது.
எதிரெதிரே உட்கார்ந்தால் ஒரே கட்சி,
அந்த விதியே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.
அவர்கள் பேசிக்கொள்ளக்கூட இல்லை.
அவள் புருவத்தைத் தூக்க
அவன் ஸ்ட்ரைக்கரை அரை விரல் நகர்த்தினான்.
ரசத்துக்கு உப்பு பத்தலை என்று சொல்ல
எங்களுக்கு ஒரு முழு வாக்கியம் வேண்டும்,
சில நாள் ரெண்டு.

ரெட் விழுந்தது.
கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் ஊதியது.
ஃபாலோ தவறியது.
மாடி முழுக்க "ஹோ" என்றது.
எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டியது நான்.
ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

எனக்கும் ஒரு பேர் உண்டு.
புளியந்தோப்பில், குழாயடியில், ஒருத்தன் வைத்தது.
சகாயம் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை.
இன்றைக்கு யாராவது படியேறி வந்து
அதைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால்
கையில் கரண்டியோடு நானும்
சட்டென்றுதான் திரும்பியிருப்பேன்.
நியாயம் நியாயம்தான்.
தெரிந்த பிறகும் அண்டாவின் அடியைக்
கொஞ்சம் பலமாகச் சுரண்டினேன்.

கேக்கில் பாதியை எறும்பு பார்த்துக்கொண்டது.
ஒன்றரை மணிக்கு அவளைக் கேட்வரை
நான்தான் கொண்டுபோய் விட்டேன்.
ஆட்டோ ஏறுமுன் என் கையைப் பிடித்து
"நல்லா பாத்துக்கிறீங்க அண்ணி அவனை" என்றாள்.
அதில் எந்த இடத்தில் குத்தியது என்று
இன்னும் தேடுகிறேன், முள் கிடைக்கவில்லை.
முள் இல்லாமலே சொல்லியிருக்கலாம் அவள்.

நாற்காலியை விடிவதற்குள் கீழே இறக்கணும்.
எட்டை அடுக்கித் தலையில் தூக்கி
இருட்டுப் படியில் அவன் முன்னால் இறங்கினான்.
கைக்கு ரெண்டாக நான் பின்னால்.
மூணாவது மாடித் திருப்பத்தில்,
எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான்,
மெல்லச் சொன்னேன்:
"ஃபாலோ."

நாற்காலிகளுக்குக் கீழே முகம் தெரியவில்லை.
ஒரு படி நின்றான்.
"மேல பல்ப அணைச்சியா?" என்றான்.
அணைக்கவில்லை.
அவன் சட்டை முதுகில்
எப்படியோ அங்கேயும் பவுடர்.
ரெண்டு கையும் நாற்காலியில்,
தட்டிவிட முடியாமல்
அதைப் பார்த்தபடியே இறங்கினேன்.