முகத்துவாரத்தில் ஒரு வேலைநாள்

ஒப்பந்தச் சீட்டில் காலை பத்து மணி என்றிருந்தது.
கடலின் சீட்டில் வேறு.

உடைந்த பாலத்துக்குக் கீழே
அடையாறு நின்றுபோய் இருபது நாள்.
தெற்கிலிருந்து மணல் சுமந்து வந்த நீரோட்டம்
ஆற்றின் வாயை அடைத்துவிட்டு
வடக்கே போய்விட்டது.
உள்ளே நீர் கறுத்து, தடித்து, குமிழ் விட்டது.
ஜிலேபிக் கெண்டை மட்டும் மேலே வந்து
காற்றைத் தின்றது.

நான் கல்வராயன் மலை அடிவாரத்துக்காரன்.
இந்தப் பொக்லைனால்
கிணறு தோண்டியிருக்கிறேன், மண்டபத்துக்கு அஸ்திவாரம்,
ஒருமுறை, தெரியாமல், பாம்புப் புற்று.
கடலுக்கு வழி தோண்டியதில்லை.

"இப்ப வெட்டாத" என்றாள் அஞ்சாலாட்சி,
ஊரூர் குப்பத்திலிருந்து நண்டுக் கூடையோடு வந்தவள்.
குடைக்குள் நின்ற இஞ்சினியர்
யார் இந்தம்மா என்றார்.
"தண்ணி ஏறினுகீது. இப்ப தொறந்தா மணலத்தான் உள்ள தள்ளும்.
வத்தம் வுழட்டும்.
ஆறே அறுத்துக்கினு போவும்."

எவ்வளவுதான் ஏறும்?
அட்டவணையைப் பார்த்தேன்:
முழங்காலுக்குச் சற்று மேல். அவ்வளவே.
வேறெங்கோ பனைமர உயரம் ஏறி இறங்குமாம்.
நம்முடையது கஞ்சன் அளந்து ஊற்றிய கடல்.

இயந்திரத்தை அணைத்தேன்.
அலை பின்வாங்கிய இடத்தில்
மட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கால் நீட்டி
ஈரத்துக்குள் இறங்கின.
சங்கிலிச் சக்கரத்தின் நிழலில் ஒரு குழிநண்டு
மணலை வாரி வாரி எறிந்தது;
வாடகை இல்லை, டீசல் இல்லை.
பத்தடி தள்ளி ஆமை முட்டையிட்ட குழி.
யாரோ மூங்கில் குச்சி நட்டு
நைலான் கயிறு கட்டியிருந்தார்கள்.
"அந்தப் பக்கம் பக்கெட்டத் திருப்புனே..." என்றாள்.
மிச்சத்தைச் சொல்லவில்லை.

மணி ஒன்று இருபது. வெட்டினேன்.
கடைசி வரப்பு உடைந்ததும்
ஆறு முதலில் நம்பவில்லை.
ஒரு விரல் அகலம் ஒழுகிப் பார்த்தது.
பிறகு இருபது நாள் அடக்கிய கறுப்பெல்லாம்
இரைந்துகொண்டு போனது:
செருப்புகள், ஆகாயத்தாமரை, சாமிபடச் சட்டம்,
வயிறு காட்டிய கெளுத்திகள்.
இஞ்சினியர் போட்டோ எடுத்து அனுப்பினார்.
வேலை முடிந்தது என்று கிளம்பினார்.

இருட்டியபின் ஓட்டம் தளர்ந்தது.
நுரை நின்ற இடத்திலேயே சுழன்றது.
உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை,
மூச்சை மாற்றும் முன் நெஞ்சு நிற்குமே
அந்த அளவு நேரம்.

அப்புறம் ஒரு செருப்பு
திரும்பி வந்தது.

பார்க்கலாமென்று பொக்லைன் விளக்கைப் போட்டேன்.
"அணை! குஞ்சு பொரிக்கிற நாளு.
வெளிச்சத்தப் பாத்தா ரோட்டுக்குப் போயிடும்."
அணைத்தேன்.
நகரத்தின் விளக்குகளை
யாரும் அணைக்கவில்லை.

குத்துக்காலிட்டுக் கையை விட்டேன்.
நீர் குளிர்ந்திருந்தது, உப்பு வாடை.
விரல்களுக்கிடையே
ஊசி ஊசியாய் என்னவோ
நிற்காமல் மேற்கே போனது,
ஆற்றுக்குள், சேற்றுக்குள், பசிக்குள்.
எத்தனை நாளாய் வெளியே காத்திருந்ததோ.

"மடவக் குஞ்சு" என்றாள் அவள்,
தன் கையையும் நனைத்துக்கொண்டு.
"பின்னாலயே கொடுவாவும் வரும்."

அடுத்த மாதம் மணல் மறுபடி மூடும்,
மறுபடி கூப்பிடுவார்கள்.
நேரம் கேட்டுக்கொள்ள
அவளுடைய போன் நம்பரைக் கேட்டேன்.

"போன்ல இன்னா சொல்றது.
முன்னாடியே வந்து
தண்ணியப் பாரு."