பதினெட்டு வோல்ட்

பள்ளத்தூரில் அந்த வீடு
ஒரு தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் முடிகிறது.
மீட்டர் முகப்பில்.
ஹீட்டர் சமையல்கட்டின் கடைசிச் சுவரில்.
இடையில் வளவு, இரண்டாங்கட்டு,
மூன்று பங்காளிகளின் பூட்டுகள்.

“தண்ணி சுடவே மாட்டேங்குது ரெஜினா.
ஹீட்டர் புதுசு. கடைக்காரன் ஏமாத்திட்டான்”
என்றார் உமையாள்.
தினம் நாற்பது சாப்பாடு கட்டி அனுப்புகிறவர்;
தொட்டி நிறைய எண்ணெய்ப் பாத்திரம்.

நான் யாரையும் உடனே நம்புவதில்லை,
கடைக்காரனையும், ஏமாந்தவரையும்.
ஸ்டிக்கரில் இரண்டாயிரம் வாட்.
ஆனால் அது சத்தியம் செய்வது
இருநூற்று முப்பது வோல்ட்டின் மேல்.

முகப்பில் அளந்தேன்: இருநூற்று முப்பது.
கிளாம்ப் மீட்டரின் வாயில்
ஒற்றை வயரைக் கொடுத்தேன்: எட்டு ஆம்பியர்.
ஆத்தங்குடிக் கல் உள்ளங்காலில் குளிர
நூற்றிருபது அடி நடந்தேன்.
கடைசிச் சுவரில் இருநூற்றுப் பன்னிரண்டு.

அதை எட்டால் வகுத்தால் இருபத்தாறரை ஓம்.
ஹீட்டர் யோக்கியம்.
கடைக்காரனும் யோக்கியன், இந்த ஒரு விஷயத்தில்.
எட்டால் பெருக்கினால்
ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றாறு வாட்.
முகப்பிலிருந்து புறப்பட்டதோ
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.

ஆம்பியர் களவு போகாது.
கிளம்பிய எட்டும் எட்டாகவே வந்து சேர்ந்தது,
கூலிக்கு நடந்து கை வெறுமையானவர்களைப் போல.
போனது பதினெட்டு வோல்ட்.
பதினெட்டை எட்டால் பெருக்கு:
நூற்று நாற்பத்து நான்கு வாட்.
யாரும் குளிக்காமல், யாரும் சமைக்காமல்
இந்தச் சுவருக்குள் எங்கோ
ஒரு அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.

“அதுக்கும் பில் வருதா?”
வருகிறது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை.

கட்டுக் கட்டாகத் தேடினேன்.
முகப்பிலிருந்து வளவு வரை மூன்று வோல்ட்.
வளவிலிருந்து இரண்டாங்கட்டுக்கு இரண்டு.
இரண்டாங்கட்டின் நிலையைத் தாண்டியதும்
பதின்மூன்று.

மெயினை அணைத்துவிட்டு
தேக்குப் பட்டையை நெம்பினேன்.
கருகிய வாடை. உதிர்ந்த துணி டேப்.
ஒரு பக்கம் செம்பு, ஒரு பக்கம் அலுமினியம்.
முறுக்கிவிட்டால் உறவாகிவிடும் என்று
யாரோ நினைத்திருக்கிறார்.

உமையாள் கரண்டியோடு வந்து பார்த்தார்.
“பாகம் பிரிச்சப்ப இந்த நிலையோட வெட்டுனாங்க.
கேஸ் முடிஞ்சதும் சேர்த்தாங்க.
இவுக அப்ப உயிரோட இருந்தாக.”
வேறொன்றும் சொல்லவில்லை.
குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டுத் திரும்பிப் போனார்.

கருகியதை வெட்டி எறிந்தேன்.
இரண்டு உலோகத்துக்கும் ஒத்த கனெக்டர் போட்டு
மறுபடி மெயின்.
கடைசிச் சுவரில் இருநூற்று இருபத்தைந்து;
எட்டு இப்போது எட்டரை.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வாட்.
வயரின் நீளத்துக்கென்று
நாற்பத்திச் சொச்சம் இன்னும் போகும்.
அதை மறைக்கவில்லை, சொன்னேன்.
“இவ்வளவு பெரிய வீட்டுக்கு அது தர்மம்” என்றார்.

கூலி ஆயிரம்.
கைபேசியில் அடைக்கப்பன், சென்னையிலிருந்து:
“வழக்கம்போல புள்ளிக்கணக்குதான்.
எனக்கு ஒண்ணு, வயிரவனுக்கு ஒண்ணு,
உமையாளுக்கு அரைப்புள்ளி.”
ஆயிரத்தை இரண்டரையால் வகுத்தால்
நானூறு, நானூறு, இருநூறு.
கோயில் வரிக்கு உள்ள கணக்கு
எப்போதோ கரண்டு பில்லுக்கும் வந்திருக்கிறது.
அரையாகக் கட்டுகிறவரை
எந்தச் சுவரையும் யாரும் கேட்பதில்லை.

குழாயைத் திறந்தார்.
விரலை வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.
ஆவியில் மூக்குக்கண்ணாடி மங்கியது;
துடைக்காமலே கைபேசியிடம் சொன்னார்:

“மூணால வகுங்கண்ணே.”

முந்நூற்று முப்பத்து மூன்று,
முந்நூற்று முப்பத்து மூன்று.
“மீதி ஒரு ரூபா வருதுல்ல,
அதையும் என் பங்குல போட்டுக்கங்க.”

அந்தப் பக்கம் சற்று நேரம்
ஓட்டமே இல்லை.
நான் ரசீதில்
முந்நூற்று முப்பத்து நான்கு என்று எழுதினேன்.