ஒன்பதாம் நாள் பாடம்

தொட்டகன்னெல்லியில் காலை எட்டுக்கே
தகரக் கொட்டகை கொதிக்கிறது.
உள்ளே முப்பது பேர், ஒரு வெள்ளைப் பலகை.
பன்னிரண்டு நாள் பயிற்சியின் நான்காம் நாள்.
கடைசி நாளும் அதுதான்.

நான் மதிப்பீட்டாளன்.
டிப்ளமோ சிவில், சேலம்.
சாரத்தில் ஏறி நின்றதில்லை.
மூன்று மணிக்குள் இவர்களை முடித்தால்
ஒயிட்ஃபீல்டில் இன்னொரு முப்பது.

உயரத்தில் வேலை, பாதுகாப்பு.
கேள்விகள் டேப்லெட்டில் இந்தியில் வரும், கன்னடத்தில் வரும்.
தமிழில் வந்தால்
'நங்கூரப் புள்ளி யாது' என்று வரும்.
பூங்காவனம் என்னைப் பார்த்தாள்.
கொக்கிய எதுல மாட்டுவீங்க, என்று கேட்டேன்.
"மாட்டுறதுக்கு மொதல்ல கொக்கி வேணுமே சார்."
நான்கு விடைகளில் அது இல்லை.

பெல்ட் ஒன்றே ஒன்று வந்திருந்தது.
ஆரஞ்சு நிறம். விலைச்சீட்டு இன்னும் தொங்கியது.
சுரேன் மாஜி மாட்டினான். படம். கழற்றினான்.
திப்பேசாமிக்குத் தொடை வார் எட்டவில்லை,
கையால் பிடித்துக்கொண்டு நின்றார். படம்.
பூங்காவனம் சேலைமேல் ஆண்சட்டை,
அதன்மேல் பெல்ட்.
கால் வாரை எப்படிக் கொடுப்பது என்று
பயிற்சியாளருக்கே தெரியவில்லை.
இடுப்போடு நிறுத்திக்கொண்டோம். படம்.

முப்பதாவது ஆள் மாட்டுகையில்
அது இருபத்தொன்பது பேர் வேர்வையில்
ஊறியிருக்க வேண்டும்.
நான் தொட்டுப் பார்க்கவில்லை.

அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம்
எல்லாம் படத்தில் சரியாக விழுந்திருந்தன.
எல்லோரும் தரையில் நிற்கிறார்கள் என்பதை மட்டும்
செயலி கேட்கவில்லை.

கையெழுத்துப் போடும்போது பூங்காவனம்தான் கேட்டாள்:
"இத மாட்டிக்கிட்டு வுழுந்தா?"
தொங்குவீங்க.
"எம்மா நேரம்?"
பயிற்சியாளர் என்னைப் பார்த்தார்.
"யாரு சார் எறக்குவா?"
நான் பாடத்திட்டத்தைப் பார்த்தேன்.
மீட்பு: ஒன்பதாம் நாள்.

எழுபத்திரண்டு போட்டேன் அவளுக்கு.
சுரேனுக்கு அறுபத்தெட்டு.
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது;
எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் என்றால்
மேலிடத்தில் கேள்வி வரும்.

இரவு, பொம்மனஹள்ளி அறையில்
ஒன்பதாம் நாளைத் திறந்து படித்தேன்.
இரண்டே பக்கம்.
தொங்குகிறவனின் ரத்தம் கால்களில் தேங்கும்.
காலை அசைத்தபடி இருக்க வேண்டும்.
கீழே இருப்பவர்கள் ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல்
ஏற்கெனவே பழகியிருந்த முறைப்படி இறக்க வேண்டும்.

'ஏற்கெனவே பழகியிருந்த.'
அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

பூங்காவனம் பதினான்காம் மாடியில் கல் ஏற்றுகிறாள்.
காலை அசைக்கச் சொல்லவாவது
டேப்லெட்டில் அவள் எண்ணைத் தேடினேன்.
இருந்தது.
அதே எண் சுரேனுக்கும், திப்பேசாமிக்கும்,
முப்பது பெயருக்கும்.

அழைத்தேன். மேஸ்திரி எடுத்தார்.
பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.
"எந்தப் பூங்காவனம் சார்?
எங்கிட்ட மூணு பேர் இருக்காங்க."