வலப்பக்கக் கடைவாய்

சடையன் படையாச்சி எனக்கு மூன்று பல்செட் கடன்:
தனக்கொன்று, மனைவிக்கொன்று,
ஃபீனிக்ஸில் இருக்கும் அண்ணனுக்கு மேல்வரிசை மட்டும்.
பதினாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை
கயிறு கட்டி இழுத்துவந்து
சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டு வாசலில் நிறுத்தினார் கடனை.
அறுபத்தாறாம் வருஷத்து பெஜோ 404.
பின் சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது.
"ஓடும் தங்கச்சி" என்று சிரித்தார்,
நான் செய்த பல் இருபத்தெட்டும் தெரிய.

ஓடியது. அதுதான் வேடிக்கை.
கார்புரேட்டரைக் கழுவி, பிளக் நாலும் மாற்றி
மூன்றாம் வாரமே உறுமியது.
இல்லாமல் போனது பின்னால்:
வலப்பக்க வால்விளக்கின் சிவப்பு மூடி.
ஜேக்கப்ஸில் உடைசல் கடை கடையாக ஏறி இறங்கினேன்.
கடைசிக் கடைக்காரன் சொன்னான்,
"பிரான்சுக்கு எழுதிப் போடுங்கள் அக்கா."
விளக்கில்லாத வண்டிக்கு
ரோட்வர்த்தி சீட்டு தரமாட்டார்கள்.

எழுதிப் போடுவானேன்?
வாயில் இல்லாததைச் செய்து வயிறு வளர்ப்பவள் நான்.
இடப்பக்க மூடியைக் கழற்றினேன்,
அச்செடுக்கும் மாவைக் குழைத்தேன், அமுக்கினேன்,
இரண்டு நிமிஷத்தில் இறுகியது,
மூன்றாவது நிமிஷத்தில் உறைத்தது.

இருபத்திரண்டு வருஷத் தொழில்.
இடக் கடைவாயை வலப்பக்கம் வைத்தால்
கடிப்பாளா அவள்,
கன்னத்தைக் கடித்துக்கொள்வாளா?
அச்சைக் குப்பையில் போட்டேன்,
யாரும் பார்க்கவில்லை.

குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால்
இடது மூடியைச் சாய்த்து நிறுத்தி
உள்ளே தெரிந்த வலதை மெழுகில் செதுக்கினேன்.
மூடியைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கை குழம்பும்.
அதன் உள்முகத்தில் நெருக்க நெருக்கமாய் வரிகள்,
வெளிச்சத்தை உடைத்துப் பரப்ப.
எண்ணிக்கொண்டே கீறினேன்:
தொண்ணூற்றேழு. மறுநாள் எண்ணினால் தொண்ணூற்றெட்டு.
பல் துலக்க வந்த என் வீட்டுக்காரர்
பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே திரும்பிப் போனார்.

ஈறு நிறப் பொடி ஆகாது,
வண்டி கொட்டாவி விடுவது போல் இருக்கும்.
நிறமில்லாப் பொடியில் சிவப்புச் சாயம்,
கத்தி முனையளவு, இன்னும் கொஞ்சம்.
ஆறு மணிக்கு, அட்டவணை தவறாமல், கரண்ட் போனது.
கேஸ் அடுப்பில் பருப்புக் குக்கரை ஏற்றி
உள்ளே அச்சை இறக்கினேன்.
நெடி சுவரைத் தாண்டியது.
அந்தப் பக்கமிருந்து லோகேஸ் தட்டினாள்:
"என்னடி வேகுது?"
"கார்."

அவசரத்தில் கொதிக்கவிட்டேன்.
நுரைத்துப்போய் வந்தது, ரவை உப்புமா கணக்காய்.
இரண்டாவதுக்கு எட்டு மணி நேரம்,
கொதியும் வராமல், ஆறியும் போகாமல்,
தீயைத் திருகித் திருகி
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வெப்பமானியோடு குந்தியிருந்தேன்.
விடியலில் உடைத்தால், ரத்தச் சிவப்பு.
ஓரத்தில் ஒரே ஒரு குமிழி,
கடுகில் பாதி.
நுரைக்கல் பொடி போட்டுத் தேய்த்தேன்,
பிறகு சுண்ணம்,
பிறகு என் பழைய சேலைத் துண்டு.
குமிழி உள்ளே இருந்தது. அது போகாது.

சோதனைக்காரர் குனிந்து பார்த்தார்.
பேனாவால் வலதைத் தட்டினார், இடதைத் தட்டினார்.
"ஒரிஜினலா?"
எந்தப் பக்கத்தைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.
"ஆமாம்" என்றேன்.

அன்று இருட்டியதும்
படையாச்சி வீட்டு வழியாக விட்டேன்,
அது சுற்றுவழிதான்.
கேட்டருகே பிரேக் மிதித்தேன்.
அவர் வேலி முழுக்கச் சிவப்பு,
நடுவில் வெளிறிய ஒரு புள்ளி.
வண்டியைச் சுற்றி வந்து
பின்பக்கமே நின்றார் வெகு நேரம்.
சிரித்தார்: மேல்வரிசை நாலாவது பல்
ஒரு மயிரிழை கோணல்.
வேண்டுமென்றே வைத்தேன் அதை;
எல்லாம் நேராக இருந்தால் ஊர் நம்பாது.

"திருப்பி எனக்கே விக்கிறியா?"
"காசு இருக்கா?"

வாயை மூடிக்கொண்டார்.
பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.
வேலி இருண்டது.