ஒத்தை நிரை

தீபாவளிக்கு ஆய்வகத்தை மூடிவிட்டார்கள்.
ஈக்களைப் பட்டினி போட மனமில்லாமல்
இருபத்தாறு குப்பிகளை மைலோ டின்களில் அடுக்கி
சுங்காய் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

"இந்தக் கொசுவுக்கா உனக்குச் சம்பளம்?" என்றார் அப்பா.
கொசு இல்லை, பழ ஈ.
ஐஸ்கட்டிமேல் தட்டு வைத்து மயக்கி
பூதக்கண்ணாடியில் காட்டினேன்.
ஆணுக்கு வயிற்று நுனி கறுப்பு,
முன்னங்காலில் பொடியாய் ஒரு சீப்பு.
"காலில் சீப்பு, தலையில் மயிர் எங்கே?" என்று சிரித்தார்.

பெண் ஈக்கு எக்ஸ் இரண்டு.
ஆணுக்கு ஒன்றுதான்; கூட நிற்கும் ஒய்
பேருக்கு வந்த ஆள், குலை தூக்காது.
ஆனாலும் நிறுக்கும்போது
இருவர் எடையும் ஏறக்குறைய ஒன்று.
ஆணின் அந்த ஒற்றை எக்ஸ்மேல்
சில புரதங்கள் ஏறி உட்கார்ந்து
இரண்டு பங்கு வேலை வாங்குகின்றன.
அந்தக் கூட்டத்தில் முக்கியமான ஒன்று பழுதானால்
ஆண் புழு ஈயாகிப் பறப்பதில்லை.
பெண்ணிடமும் அதே கட்டளை எழுதித்தான் இருக்கிறது.
வாசிக்க விடாமல்
இன்னொரு புரதம் அதன் வாயைப் பொத்திக்கொள்கிறது.

அப்பா பூதக்கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை.

எட்டாம் நம்பர் பிளாக்கில்
அவர் வெட்ட, அம்மா உதிரி பொறுக்க
இரண்டு பேர் போட்ட நிரை அது.
அம்மா கையுறைக் கம்பெனி பஸ் ஏறிய மாதத்திலிருந்து
அவரே அண்ணாந்து வெட்டி
அவரே குனிந்து பொறுக்குகிறார்.
மண்டோர் புத்தகத்தில் டன் குறையவில்லை.
அவர் இடுப்பில் பிளாஸ்டர் ஒன்றிலிருந்து மூன்றானது.

ஈக்கு முதுகு வலிக்குமா என்று கேட்பார், நினைத்தேன்.
"உனக்கு ரெண்டு எக்ஸா?" என்றார்.
ஆமாம். ஆனால் நம் வழி வேறு.
நான் விரல் அளவுகூட இல்லாத நாளில்
என் உயிரணு ஒவ்வொன்றும்
உங்களுடையதா, அம்மாவுடையதா என்று
சீட்டுக் குலுக்கிப் பார்த்து
ஒன்றைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டது.

நைட் ஷிப்ட் முடித்து வந்த அம்மா
மாவு வெளுத்த விரல்களோடு எட்டிப் பார்த்தாள்:
"வாயில மட்டும் என்னோடதைச் சுருட்டல போல."

அதற்குள் ஒரு குப்பியின் பஞ்சு நழுவியிருந்தது.
சாமி மேடையில்
பிசாங் மாஸ் சீப்பின்மேல் மூன்று ஈக்கள்.
ஆணா பெண்ணா, இத்தனை தூரத்தில் தெரியவில்லை.
விரட்ட எடுத்த துண்டை
அப்பா திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.